தோற்றவர்களின் பாட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

ஆறு மாதமாக கிரேக்க, சைப்ரஸ் ராக், மெட்டல் ஆல்பங்களாகத் தேடித் தேடிக் கேட்டுவருகிறேன். 2024-ல் வந்தவற்றில் மூன்றுக்கு நான் போட்ட மதிப்பெண்: ராட்டிங் கிறைஸ்டின் 'ப்ரோ கிறிஸ்து' 6, ஃபயர்விண்டின் 'ஸ்டாண்ட் யுனைடெட்' 7, தௌசண்ட்மாட்ஸின் 'சீட் டெத்' 7.5. சைப்ரஸில் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை, சொல்லுங்கள்.

இன்னொரு சந்தேகம். இவர்கள் ஏன் எப்போது பார்த்தாலும் ஜீயஸ், ஸ்பார்ட்டா, அலெக்சாண்டர் என்றே பாடுகிறார்கள்? நம்மூர் மேடைப் பழம்பெருமை மாதிரியே இருக்கிறது. அதையும் ஆங்கிலத்தில் பாடுகிறார்கள். ராட்டிங் கிறைஸ்ட் ('அழுகும் கிறிஸ்து') என்ற பெயரைப் பார்த்துவிட்டு அம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்,

அம்மாவை முதலில் சமாதானப்படுத்துங்கள். அந்தப் பெயர் 1987-ல் ஏதென்ஸில் பள்ளிக்கூட வயதுப் பையன்கள் வைத்தது. அதற்காக 2018-ல், கச்சேரிக்குப் போன இடத்தில், ஜார்ஜியாவின் திபிலிசியில் அந்தக் குழுவின் தோலிஸ் சகோதரர்கள் இருவரையும் பிடித்துச் சில மணி நேரம் உள்ளே உட்கார வைத்தார்கள். அம்மா ஒரு வாரத்தோடு விட்டது பரவாயில்லை. ஆங்கிலத்தில் பாடுவதெல்லாம் ஒரு விஷயமா? இசையமைப்பாளர் வாங்கெலிஸ் இருந்த கிரேக்கக் குழு அஃப்ரோடைட்ஸ் சைல்ட் 1972-லேயே ஆங்கிலத்தில்தான் பாடியது.

அப்புறம் அந்த மதிப்பெண். தம்பி, அந்த அரைப் புள்ளி எதற்கு? 'சீட் டெத்'தில் எந்த இடத்தில் அந்த அரை கூடியது என்று காட்ட முடியுமா? அந்தக் குழு கொரிந்தியா பக்கம் ஹிலியோமோதி என்ற சின்ன ஊரிலிருந்து வந்தது. 'ஹிலியா' என்றால் கிரேக்கத்தில் ஆயிரம். ஊர்ப்பெயரைத்தான் பாதி விளையாட்டாகக் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். ஊர்க்காரப் பையன்கள் ஒரு கொட்டகையில் கூடி வாசிக்கிற மாதிரி அதைக் கேட்டுப்பாருங்கள், பேனாவை மூடிவைத்துவிட்டு.

நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. அந்தப் 'பழம்பெருமை' என்ற சொல்லுக்காக. போன வாரம் வீடு மாற்றும்போது பழைய பெட்டியிலிருந்து ஒரு சிடி கிடைத்தது. சைப்ரஸ் லிமாசோலின் அரயன் பாத் குழு 2011-ல் போட்ட 'இரா இம்பீரியம்'. அட்டையில் எண்ணெய்க் கறை. இரண்டு நாளாக அதையே கையில் வைத்துக்கொண்டு திரிகிறேன், உங்கள் கடிதமும் வந்து நிற்கிறது.

பழம்பெருமை பேசுகிறவர்கள் அங்கேயும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஸ்பார்ட்டாக் கவசம் போட்ட அட்டைப்படங்களைப் பார்த்தால் எனக்கும் கொட்டாவி வரும். ஆனால் யாரைப் பாடுகிறார்கள் என்று கொஞ்சம் கவனித்திருக்கலாமே. நீங்கள் 6 போட்ட 'ப்ரோ கிறிஸ்து' என்ற பெயருக்குப் பொருள் 'கிறிஸ்துவுக்கு முன்'. புது மதத்துக்கு எதிராக நின்று அழிந்துபோன கடைசி அரசர்களைப் பற்றியது அந்த ஆல்பம். அதில் 'தி அபாஸ்டேட்' (மதத்தை விட்டவன்) என்றொரு பாட்டு. ரோமாபுரியின் பழைய தெய்வங்களைத் திரும்ப நிறுத்தப் பார்த்து, 363-ல் பாரசீகப் போர்க்களத்தில் செத்துப்போன ரோமப் பேரரசன் ஜூலியனை நினைக்காமல் அதைக் கேட்கவே முடியாது. ஃபயர்விண்ட் 2017-ல் 'இம்மார்ட்டல்ஸ்' என்று, பாரசீகரிடம் ஸ்பார்ட்டாக்காரர்கள் மடிந்த தெர்மாபிலேப் போரைப் பாடியது. அவர்கள் அரசன் லியோனிதாஸ் அங்கே ஜெயித்தானா என்ன? (சலாமிஸ் கடற்போரும் அதில் வருகிறதே, அது வெற்றிதானே என்று மறுகடிதம் போடாதீர்கள், தெரியும்.) ராட்டிங் கிறைஸ்டின் 2010 ஆல்பமான 'ஏலோ'வில் எபிரஸ் மலைப்பகுதிப் பாணியில் பெண்கள் கூட்டாகப் பாடுகிறார்கள். அங்கே சாவு வீட்டில் பாடுகிற மிரோலோயிக்குப் பெரிய மரபு உண்டு. கிட்டார் முழு வேகத்தில் ஓடும்போது பின்னால் அந்தக் குரல்கள் எழும். கடைசிப் பாட்டில் பாடகி தியமாண்டா கலாஸ் வந்து, சின்ன ஆசியாவில் (இன்றைய துருக்கியில்) கொல்லப்பட்ட கிரேக்கர்களுக்கும் ஆர்மீனியர்களுக்கும் அசிரியர்களுக்குமாகத் தான் எழுதியதைச் சொல்லுவார். அதை ராத்திரியில் தனியாகக் கேட்டுவிட்டு, மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள் பார்ப்போம்.

மேடைக்காரன் ஜெயித்தவனைப் பாடுவான். இவர்கள் தோற்றவனைப் பாடுகிறார்கள். இந்த வித்தியாசம்கூடக் காதில் விழவில்லையென்றால் ஆறு மாதமாக என்னதான் கேட்டீர்கள்?

சரி, கோபப்படவில்லை. எனக்கும் இது தானாகத் தெரிந்ததில்லை. 2011-ல் நான் லிமாசோலில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவன், அது தனிக்கதை. சமையற்கட்டில் தலைமைச் சமையல்காரரை எல்லாரும் ஷெஃப் என்பார்கள், நான் மட்டும் நம்மூர்ப் பழக்கத்தில் மாஸ்டர் என்பேன், அவரும் அதற்குத் திரும்பிப்பார்க்கப் பழகிவிட்டார். நாற்பத்தெட்டு வயது. தொட்டிக்கு மேலே ஒரு சிடி பிளேயர் வைத்திருந்தார், மதியக் கூட்டம் முடிந்ததும் மெட்டல்தான் ஓடும். அதில், மனிதர்களுக்காக நெருப்பைத் திருடித் தண்டனையில் கட்டுண்டு கிடந்த ப்ரொமீதியஸைப் பற்றி ஒரு பாட்டு. ஒருநாள் நான் உங்களை மாதிரியே பெரிய புத்திசாலித்தனமாகக் கேட்டேன், "உங்கள் ஆட்கள் ப்ரொமீதியஸை விடவே மாட்டீர்களா மாஸ்டர்?" என்று. அவர் பதில் சொல்லவில்லை. ஒரு மூட்டை வெங்காயத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் காரில் என்னைத் தீவின் பிரிவுக் கோட்டை ஒட்டிய தெரினியா என்ற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற பயணம், வழியெல்லாம் அதே சிடி, பேசவே முடியாத சத்தம். ஊர் நெருங்கியதும் அவரே அணைத்துவிட்டார். அங்கே ஒரு வீட்டு மாடியில் தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள். எதிரே வேலிக்குள் வரோஷா. 1974 ஆகஸ்டில் துருக்கிப் படை வந்தபோது ஜனங்கள் விட்டு ஓடிய கடற்கரை நகரம். கடலோரமாக வரிசையாகப் பெரிய பெரிய ஹோட்டல்கள், ஜன்னல் ஒன்றுகூட இல்லை. மாஸ்டருக்கு அப்போது பதினொரு வயது. அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என்னைக் குனியச் சொன்னார். "அந்த உயரமான கட்டடத்துக்கு இடது பக்கம், மூன்றாவது, தெரிகிறதா?" எனக்கு ஒன்றும் தெரியவில்லை, எல்லாமே ஒரே சாம்பல் நிறம். தெரிகிறது மாஸ்டர் என்று சொல்லிவிட்டேன். திரும்பும்போது அவர் சிடியைப் போடவில்லை.

2020 அக்டோபரில் வரோஷாவின் கடலோரச் சாலையைத் துருக்கித் தரப்பு திறந்துவிட்டது என்று படித்துவிட்டு போன் பண்ணினேன். போகவில்லை என்றார். என் வீட்டுக்குப் போக நான் எவனிடம் அடையாள அட்டை காட்டவேண்டும் என்று கேட்டார். பிறகு இப்போதும் பாத்திரம்தான் கழுவுகிறாயா என்று விசாரித்தார்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். அரயன் பாத்தின் 2022 ஆல்பம் 'தஸ் ஆல்வேஸ் டு டைரண்ட்ஸ்' இருக்கிறது, மிர்ரர் குழு அதே வருடம் போட்டதும் இருக்கிறது, பழைய பாணி பிடிக்கும் என்றால் ரிசீவரின் 2024 ஆல்பம். எதையாவது எடுங்கள், ஒன்றை மட்டும் ஒரு மாதம் கேளுங்கள். என்னிடம் இருக்கிற சிடி நான் ஊருக்குக் கிளம்பிய அன்று மாஸ்டர் பிளேயரிலிருந்து எடுத்துக் கொடுத்தது. நாலாவது பாட்டில் கீறல், பாதியில் திக்கி நின்றுவிடுகிறது. நேற்று ராத்திரியும் அங்கேதான் நின்றது.