பெற்றோரைக் காரணம் காட்டலாமா?

கேள்வி: நான் மும்பை செம்பூரில் வசிக்கிறேன், வயது 29. வாஷியில் இருக்கும் ஒருவரை நான்கு ஆண்டுகளாகக் காதலித்து வந்தேன். அவர் எனக்கு எந்தக் குறையும் வைத்ததில்லை. ஆனாலும் ஓராண்டாக அவர் மீது எனக்கிருந்த காதல் வற்றிவிட்டது. அவர் அழைத்தால் பேசவே மனம் வருவதில்லை. இதற்கிடையே நவி மும்பையில் இருவர் பெயரிலும் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். அடுத்த மாதம் ஒப்பந்தப் பதிவு. 'வீட்டில் சம்மதிக்கவில்லை' என்று சொல்லி விலகிவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேண்டாம். நம்மவர்களிடையே இதைவிட எளிதில் நம்பப்படும் காரணம் வேறில்லை. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. பெற்றோர் மறுக்கிறார்கள் என்று கேட்டதும் உங்களை நேசிப்பவர் விலகிப் போக மாட்டார். மாதுங்காவிலோ சயானிலோ இருக்கும் உங்கள் உறவினர் ஒருவரைப் பிடித்துத் தூது அனுப்புவார், ஊரிலிருந்து தம் தாயாரை வரவழைத்து உங்கள் வாசலில் நிறுத்துவார், எத்தனை வருடமானாலும் காத்திருக்கிறேன் என்பார். தீர்க்கக்கூடிய தடையை நீங்கள் காட்டினால் அதைத் தீர்க்கத்தானே பார்ப்பார்? ஒன்றுமறியாத உங்கள் பெற்றோர் அவர் கண்ணுக்குப் பொல்லாதவர்கள் ஆவார்கள். ஒருவேளை அவர்கள் சம்மதித்துவிட்டால் அதன் பிறகு என்ன சொல்வீர்கள்? சிறு சண்டைகளை வளர்த்து, அவரே வெறுத்துப் போகட்டும் என்று விடுவதும் இதே ரகம்தான்.

ஒன்றை மட்டும் உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள். வேலை, தோழிகள், சாப்பாடு, தூக்கம் என எல்லாவற்றிலுமே பிடிப்பு விட்டுப் போயிருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அப்படியானால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மற்றதெல்லாம் சரியாக இருந்து, அவரிடம் மட்டும் மனம் ஒட்டவில்லை என்றால் தள்ளிப்போடுவதில் பொருளில்லை.

சொல்ல வேண்டியது சுருக்கமானதுதான்: உங்களுக்கு அவர் மீது இப்போது காதல் இல்லை, ஓராண்டாக இப்படித்தான் இருக்கிறது, மாறுமா என்று காத்திருந்தும் மாறவில்லை, ஆகவே இந்தத் திருமணம் நடக்காது. அந்த ஓராண்டை மறைக்காதீர்கள். கோபப்படுவார், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவருடைய குறைகளை அடுக்காதீர்கள், ஒவ்வொன்றையும் திருத்திக்கொள்வதாக வாக்குக் கொடுப்பார். ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்டால், காரணம் எனக்கே தெரியவில்லை என்பது உண்மையாக இருக்கும்பட்சத்தில் அதையே சொல்லலாம். நண்பர்களாக இருப்போம் என்று மட்டும் அன்றைக்குச் சொல்லிவிடாதீர்கள்.

நான்கு ஆண்டு உறவை வாட்ஸ்அப்பில் முடிப்பது முறையல்ல. இந்த நகரத்தில் இருவர் தனித்துப் பேச இடம் கிடைப்பது அரிது என்பதை அறிவேன்; ஞாயிறு காலையில் மாதுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா போன்ற ஓரிடம் போதும். வேலைநாள் மாலையில் சொல்லிவிட்டு, கலங்கிய கண்களோடு அவரை ஹார்பர் லைன் ரயில் நெரிசலில் ஏற்றிவிடாதீர்கள்.

ஆனால் பதிவு நாளுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் பில்டர் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. ஆகவே இப்போதைக்குச் சிக்கியிருப்பது பெரும்பாலும் அந்த அளவுக்குள்தான் இருக்கும். பதிவானால் முத்திரைக் கட்டணம் சேரும். இருவரும் சேர்ந்து வங்கிக் கடன் வாங்கிவிட்டாலோ, ஒருவர் கட்டத் தவறினால் முழுக் கடனுக்கும் மற்றவர் பொறுப்பாவார். ஃபிளாட் வேண்டாம் என்றால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்பதை முன்பதிவுப் படிவத்தில் பாருங்கள். அந்த இழப்பில் அவருடைய பங்கையும் நீங்களே ஏற்பதுதான் நியாயம் என்பது என் கருத்து. பணப் பேச்சை மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமை எடுக்காமல், சில நாள் கழித்து, பதிவுத் தேதிக்குள் எழுதித் தெரிவியுங்கள்.