லேத்தில் சாணை: ஆங்கிள் கிரைண்டரைக் கட்டலாமா?

வீட்டில் ஒரு சிறிய லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருக்கிறீர்கள். கடினப்படுத்திய ஷாஃப்டை (உருண்டைத் தண்டு) கடைசி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கையில் இருக்கும் ஆங்கிள் கிரைண்டரையே, வெட்டும் உளியைப் பிடிக்கும் டூல் போஸ்டில் கட்டிச் சாணை பிடிக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

கட்டலாம். நானும் கட்டினேன். அப்படிச் சாணை பிடித்த முதல் ஷாஃப்ட் இன்னும் என் பட்டறை ஜன்னலில் கிடக்கிறது. வெளிச்சத்தில் திருப்பினால் ஓணான் முதுகு போல வரிவரியாகத் தெரியும். மைக்ரோமீட்டர் வைத்தால் அளவு சரி. நகத்தால் வருடினால் தடதடக்கும்.

குறை என் கட்டுமானத்தில் இருக்கும் என்று நினைத்து, பிடிமானத்தை இன்னும் தடித்த பட்டையில் செய்தேன். வரிகள் போகவில்லை. ஆங்கிள் கிரைண்டரில் மோட்டாருக்கும் கல்லுக்கும் நடுவே கோணப் பற்சக்கரங்கள் இருக்கின்றன. அவற்றின் இடைவெளியும் பேரிங்கின் ஆட்டமும் நேராகக் கல்லுக்கு வந்து சேரும். கையால் அழுத்தி வெல்டிங் மேட்டைத் தேய்க்கும்போது அந்த ஆட்டத்தைக் கை வாங்கிக்கொள்கிறது. லேத்தில் கட்டினால் வாங்கிக்கொள்ள ஆளில்லை, எல்லாம் ஷாஃப்டில் பதிந்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஆங்கிள் கிரைண்டரின் தட்டு நன்றாக வெட்டவில்லை என்று, பெஞ்ச் கிரைண்டரின் சாணைக்கல்லின் துளைக்குள் புஷ் (துளையைச் சிறிதாக்கும் வளையம்) போட்டு அதில் மாட்டுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 மி.மீ. கல்லில் அதிகபட்சம் நிமிடத்துக்கு 3,600 சுற்று என்று அச்சிட்டிருந்தால், விளிம்பின் வேகம் வினாடிக்கு 28 மீட்டர். ஆங்கிள் கிரைண்டர் சுற்றுவது நிமிடத்துக்கு 11,000. அதே கல்லின் விளிம்பு இப்போது 86 மீட்டரில் ஓடும். வேகம் 3 மடங்கு என்றால், கல்லைப் பிய்க்கும் விசை 9 மடங்கு. கல் வெடித்தால் உங்கள் முகம் இருக்கும் உயரத்தில்தான் துண்டுகள் பறக்கும். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

என்னுடையது பஞ்சாபின் படாலாவில் செய்த பழைய நாலரை அடி லேத். அதில் இன்று நான் பயன்படுத்துவது நேர்த்தண்டு டை கிரைண்டர், 6 மி.மீ. காலெட் (கல்லின் தண்டைக் கவ்வும் பிடி), பற்சக்கரம் கிடையாது, மோட்டார் அச்சிலேயே கல். அதன் கழுத்து உருண்டையான உலோகம். வாங்கும்போது இதைப் பார்த்து வாங்குங்கள், பிளாஸ்டிக் கழுத்தைப் பிடித்து இறுக்கினால் எதுவும் நிற்காது. பல மாடல்களில் கழுத்து 43 மி.மீ. இருக்கும், ஆனாலும் அளந்துவிட்டே துளை போடுங்கள்.

அந்தத் துளையை எப்படிப் போடுவது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. டூல் போஸ்டைக் கழற்றிவிட்டு, அதே போல்ட்டில் ஓர் அலுமினியக் கட்டியை இறுக்கினேன். போரிங் கம்பியை (துளை குடையும் உளி பொருத்திய தண்டு) லேத்தின் இரு பக்கமும் உள்ள கூம்பு முனைகளான சென்டர்களுக்கு நடுவே ஓடவிட்டு, கேரேஜை, அதாவது டூல் போஸ்டைச் சுமந்து நீளவாக்கில் நகரும் பகுதியை, நகர்த்தி, கட்டியை லேத்திலேயே குடைந்தேன். இப்படிச் செய்தால் துளையின் மையம் தானாகவே லேத்தின் மைய உயரத்தில் (ஷாஃப்ட் சுற்றும் அச்சின் உயரம்) வந்து உட்காரும். அளக்கவும் வேண்டாம், ஷிம் (உயரம் சரிக்கட்டும் மெல்லிய தகடு) வைக்கவும் வேண்டாம். பிறகு ஒரு பக்கம் ரம்பத்தால் பிளந்து, குறுக்கே இரண்டு ஆலன் போல்ட். கோவை உக்கடம் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

மைய உயரத்துக்கு ஏன் இத்தனை பாடு? நேரான ஷாஃப்டுக்கு ஒரு மி.மீ. மேலே கீழே இருந்தாலும் பெரிய கேடு இல்லை. டேப்பர் (கூம்புச் சாய்வு) சாணை பிடிக்கும்போது உயரம் தவறினால் சாய்வு நேர்கோடாக வராது, லேசாக வளைந்துவிடும். அந்த டேப்பர் சாக்கெட்டில் முழுதாக உட்காராது.

25 மி.மீ. கல்லை 25,000 சுற்றில் ஓட்டினால் விளிம்பு வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 33 மீட்டர், சாணைக்குப் போதுமானது. கல்லின் தண்டு காலெட்டுக்கு வெளியே எவ்வளவு குறைவாக நீள்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரு முறை ஆழமான துளைக்குள் எட்டுவதற்காகத் தண்டை இரண்டு அங்குலம் வெளியே இழுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். தண்டு ஒரு நொடியில் வளைந்து, கல் தகரக் கூரையில் போய் அடித்தது. ஓரமாக நிற்கும் பழக்கம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

துளைக்குள் வேலை அதிகம் என்றால் தனி ஸ்பிண்டில் செய்துகொள்ளலாம். அதற்குப் பழைய மிக்ஸி மோட்டார் அருமையான சரக்கு. ஆனால் கல்லை மிக்ஸி தண்டிலேயே மாட்டிவிடாதீர்கள். பல மிக்ஸிகளில் பேரிங்குக்குப் பதில் வெறும் உலோக வளையமான புஷ்தான் இருக்கும், அதன் ஆட்டம் சட்னிக்குப் போதும், சாணைக்குப் போதாது. ஒரு குழாய்க்குள் இரண்டு ஆங்குலர் காண்டாக்ட் பேரிங்குகளை (தண்டின் நீளவாக்கு விசையையும் தாங்குபவை) எதிரெதிராக வைத்து, லேசாக இறுக்கி, தண்டைத் தனியாக ஓடவிடுங்கள். மோட்டாரிலிருந்து உருண்டை பெல்ட், வேகம் பாதியாகும்படி புல்லி. 9,000 சுற்றில் 50 மி.மீ. கல் நன்றாக வெட்டும். மிக்ஸி மோட்டார் தொடர்ந்து ஓடப் பிறந்ததல்ல என்பதால் இடையிடையே ஆறவிட வேண்டும்.

கல்லை மாட்டியதும் வைர டிரஸ்ஸரால் அதன் முகத்தைச் சீராக்காமல் ஷாஃப்டைத் தொடாதீர்கள். புதுக் கல் என்றாலும் வட்டமாக ஓடாது. வைரத்தைப் பெட்டில் (கேரேஜ் ஓடும் லேத்தின் அடித்தளம்) ஒரு தாங்கியில் இறுக்கி, தடவைக்கு 0.02 மி.மீ. மட்டும் எடுங்கள். ஷாஃப்டை சக்கில் (தாடைப் பிடி) பிடிக்காமல் சென்டர்களுக்கு நடுவே கேரியர் (ஷாஃப்டைச் சுற்றவைக்கும் கவ்வி) போட்டு ஓட்டுங்கள். அதற்கும் முன்னால், டூல் போஸ்டுக்கு அடியில் திருப்பக்கூடிய கம்பவுண்ட் ஸ்லைடை 30 டிகிரிக்குத் திருப்பி, ஹெட்ஸ்டாக் (லேத் சுற்றும் பக்கம்) சென்டரையே சாணை பிடித்துவிடுங்கள். அது ஆடினால் மேலே செய்வதெல்லாம் வீண். ஷாஃப்ட் மெதுவாகச் சுற்றட்டும்; 25 மி.மீ. விட்டத்துக்கு 200 சுற்று தாராளம். கல்லும் ஷாஃப்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும்.

நுட்பமாக வெட்ட ஒரு தந்திரம் உண்டு. கம்பவுண்ட் ஸ்லைடை லேத் அச்சிலிருந்து 5 டிகிரி 44 நிமிடத்துக்குத் திருப்பி வையுங்கள். அந்தக் கோணத்தின் சைன் 0.1. டயலில் 0.1 மி.மீ. நகர்த்தினால் கல் 0.01 மி.மீ.தான் உள்ளே போகும். தேய்ந்த பழைய டயலும் இந்தக் கோணத்தில் மைக்ரான் பேசும். கடைசியில் வெட்டு கொடுக்காமல், தீப்பொறி அடங்கும்வரை நாலைந்து முறை அப்படியே ஓட்டுங்கள்.

இனி தூசி. லேத்தைச் சாணை இயந்திரமாக்குவதில் எனக்கு இருக்கும் ஒரே தயக்கம் இதுதான். கல்லிலிருந்து உதிரும் துகள் கேரேஜுக்கு அடியில் நுழைந்தால், அங்கேயே தங்கிப் பெட்டை அரைக்கத் தொடங்கும். என் லேத் போன்ற பழைய பெட்டுகள் பெரும்பாலும் கடினப்படுத்தாத வார்ப்பிரும்பு, சீக்கிரம் தேய்ந்துவிடும். துணி போட்டு மூடாதீர்கள், சுற்றும் சக்கோ கேரியரோ அதை இழுத்துவிடும். நான் பெட்டின் மேல் நனைத்த செய்தித்தாளை ஒட்டினாற்போல் விரித்து, கல்லுக்கு நேர் கீழே ஓர் அகலத் தட்டில் தண்ணீர் வைக்கிறேன். முடிந்ததும் ஏர் கன் அடிக்கவே மாட்டேன், அது துகளை இடுக்குக்குள்தான் தள்ளும். தாளை உள்பக்கமாகச் சுருட்டி எடுத்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, கேரேஜின் ஃபெல்ட் வைப்பர்களை (பெட்டைத் துடைக்கும் கம்பளிப் பட்டைகள்) கழற்றிக் கழுவி, புது எண்ணெய் விட்டுத்தான் கேரேஜை அசைப்பேன். அரை மணி நேரச் சாணைக்கு முக்கால் மணி நேரத் துடைப்பு.

உங்களுக்கு வேண்டியது அந்த ஒரு ஷாஃப்ட் மட்டும் என்றால், உருளைச் சாணை இயந்திரம் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்து வாங்கிவிடுங்கள். மாதத்துக்கு நாலு வருகிறது என்றால் அலுமினியக் கட்டி வாங்குங்கள்.