ஐந்து வருடக் கேள்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 29 வயது. இரண்டு வேலை மாறி, இப்போது ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நண்பர்கள் எல்லாரும் தெளிவாகத் திட்டம் வைத்திருக்கிறார்கள். "அஞ்சு வருஷத்துல எங்க இருப்பீங்க?" என்று யாராவது கேட்டால் எனக்குப் பதிலே வருவதில்லை. திட்டம் இல்லாமல் ஒருவன் உருப்பட முடியுமா?

– ஆர்.

அன்புள்ள ஆர்.,

முடியும்.

வானியலாளர் வில்லியம் ஹெர்ஷலைப் பாருங்கள். ராணுவ இசைக்குழுவில் ஓபோ என்ற குழல் கருவி வாசித்தவர், பிறகு இங்கிலாந்தின் பாத் நகரில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டு, இசைப்பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். இசைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு புரிய வேண்டும் என்று ஒரு புத்தகம் படித்தார், அதை எழுதியவரே ஒளியியல் பற்றியும் எழுதியிருந்ததால் அதையும் படித்தார், அது தொலைநோக்கியில் கொண்டுபோய் விட்டது, பெரியதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை, சரி என்று தொலைநோக்கிக்கு வேண்டிய உலோக ஆடியைத் தானே தேய்க்க உட்கார்ந்துவிட்டார். மெருகேற்றும்போது பாதியில் கையை எடுக்கக் கூடாது என்பதால், மணிக்கணக்காகத் தேய்த்துக்கொண்டிருந்தவருக்குத் தங்கை கரோலின் பக்கத்தில் நின்று சாப்பாடு ஊட்டியிருக்கிறார். 1781இல் யுரேனஸைக் கண்டபோது அவருக்கு வயது 42. அதைக்கூட முதலில் வால்மீன் என்றுதான் நினைத்தார்! அடுத்த வருடம் அரசரின் உதவித்தொகை வந்த பிறகுதான் இசைத் தொழிலை விட்டார்.

புதுக்கோள் கண்டுபிடிப்பது அவர் திட்டத்தில் எங்கேயும் கிடையாது. கையில் இருந்த வேலையிலிருந்து அடுத்த கேள்வி கிளம்பியது, அவர் அதை விடவில்லை.

எனக்கு என்ன பிடிக்கும் என்று உட்கார்ந்து யோசித்தால் விடை கிடைக்காது என்பதுதான் என் எண்ணம். எந்த வேலையிலும் அந்த ஆடி தேய்ப்பது போலச் சலிப்பான பகுதி ஒன்று இருக்கும், எதில் அந்தச் சலிப்பை யாரும் சொல்லாமலே தாங்குகிறீர்கள் என்று கவனியுங்கள். கணக்கில் ஒரு சின்னத் தொகை இடிக்கிறது, எல்லாரும் கிளம்பிய பிறகும் உட்கார்ந்து தேடுகிறீர்களா? அல்லது அந்தத் தொகைக்காக நாலு பேருக்குப் போன் போட்டுப் பேசும்போதுதான் நேரம் போவது தெரியாமல் இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். (கடன் இருந்தால் அதற்கு மட்டும் கறாராகத் திட்டம் போடுங்கள், அதில் சமாதானமே வேண்டாம். வேலையையும் இப்போது விடாதீர்கள்.)

இரண்டு வேலை மாறியதாகச் சொன்னீர்கள், ஏன் மாறினீர்கள் என்று எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள். அந்த இரண்டு இடத்திலும் எந்த வேலையை அடுத்தவர் தலையில் கட்டாமல் நீங்களே வைத்துக்கொண்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.