வாசகர் கேள்வி – பதில்: சோமாலியாவில் நம்பிக்கை எதுவரை எட்டுகிறது?

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி): 1991-இல் அரசு கவிழ்ந்த பிறகு சோமாலியாவில் வங்கிகள் இயங்கவில்லை என்று படித்தேன். அப்படியானால் வெளிநாட்டில் உழைப்பவர்கள் வீட்டுக்கு எப்படிப் பணம் அனுப்பினார்கள்? இடையில் இருப்பவர் எடுத்துக்கொண்டு போய்விட்டால் யாரிடம் முறையிடுவது?

பதில்: 1991 ஜனவரியில் சியாத் பர்ரேயின் ஆட்சி வீழ்ந்தபோது மத்திய வங்கி, நீதிமன்றம், காவல் துறை எல்லாமே சேர்ந்து சரிந்தன. ஆனால் ஷில்லிங் நோட்டுகள் கைமாறிக்கொண்டுதான் இருந்தன. பின்னாளில் ஆயுதக் குழுத் தலைவர்களும் வணிகர்களும் புதிதாக அச்சடித்து இறக்கிய நோட்டுகளைக்கூட மக்கள் வாங்கிக்கொண்டார்கள். பெருந்தொகைக்கு அமெரிக்க டாலர், வெளிநாட்டுப் பணத்துக்கு 'ஹவாலா' என்று வழக்கம் அமைந்தது. நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் நடத்திய உண்டியல் முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

லண்டனில் ஒருவர் முகவரிடம் பணத்தைக் கட்டுகிறார். செய்தி பைதோவாவுக்கோ ஹர்கெய்சாவுக்கோ போகிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் தாயின் கையில் பணம் கிடைத்துவிடுகிறது. அடையாள அட்டையே இல்லாத ஊரில் முகவர் அந்தத் தாயை அவருடைய குலவரிசையைக் கேட்டு அடையாளம் காண்கிறார். தந்தை, பாட்டன், பூட்டன் என்று பல தலைமுறைப் பெயர்களை ஒப்பிக்கச் சோமாலியர்கள் சிறுவயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். நமக்குத் தெருவும் கதவு எண்ணும் எப்படியோ, அவர்களுக்கு அந்தப் பெயர் வரிசை அப்படி.

ஏமாற்றினால் யாரிடம் முறையிடுவது என்பதற்கும் அதிலேயே விடை இருக்கிறது. 'ஹேர்' எனப்படும் வழக்காற்றுச் சட்டப்படி ஒருவன் செய்த குற்றத்துக்கு அவனுடைய குலக் கிளை முழுவதும் ஈடு கட்ட வேண்டும். ஓர் ஆண்மகன் கொல்லப்பட்டால் நூறு ஒட்டகங்கள் என்பது மரபான கணக்கு. அதைக் கொலையாளி மட்டுமல்லாமல் அவனுடைய பங்காளிகள் அனைவரும் பகிர்ந்து கொடுக்கிறார்கள். கால்நடைச் சந்தையில் 'திலால்' என்ற தரகர் ஒவ்வொரு விற்பனையிலும் இது திருட்டு மாடல்ல என்று பிணை நிற்பதும், பெண்கள் நம்மூர்ச் சீட்டைப் போலவே மாதந்தோறும் பணம் போட்டு முறைவைத்து எடுத்துக்கொள்வதும் இதே அடித்தளத்தின் மீதுதான். முன்பின் தெரியாதவரை அங்கே யாரும் நம்பிவிடுவதில்லை. தெரியாதவரைத் தெரிந்தவரோடு இணைக்கும் ஒரு கண்ணியைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே கொடுக்கல் வாங்கல் தொடங்குகிறது.

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்): ஹவாலா என்றாலே கறுப்புப் பணம், பயங்கரவாதம் என்றல்லவா கேள்விப்படுகிறோம்?

பதில்: அந்தச் சந்தேகத்தின் விலையைச் சோமாலியக் குடும்பங்கள் கொடுத்திருக்கின்றன. 2001 நவம்பரில், நாட்டின் மிகப் பெரிய பணப் பரிமாற்ற நிறுவனமாக இருந்த அல்-பரகாத்தின் கணக்குகளை அமெரிக்கா முடக்கியது. அது பயங்கரவாதத்துக்குப் பணம் கொடுத்ததற்குச் சான்று இல்லையென்று பிற்பாடு தெரியவந்தாலும், அதில் பணம் போட்டிருந்தவர்களுக்கு அது காலங்கடந்த செய்தி. 2013-இலும் ஒரு பெரிய பிரிட்டிஷ் வங்கி இத்தகைய நிறுவனங்களின் கணக்குகளை மூடப்போவதாக அறிவித்தது. ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர் இவ்வழியே வருவதாக அப்போது மதிப்பிட்டார்கள். கண்காணிப்பு தேவைதான், மாற்று வழி எதுவும் ஏற்படுத்தாமல் கதவைச் சாத்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி (மட்டக்களப்பிலிருந்து ஒரு வாசகி): உறவும் குலமும் இவ்வளவு வலுவாகத் தாங்குகின்றன என்றால் 2011 பஞ்சத்தில் ஏன் அத்தனை பேர் இறந்தார்கள்?

பதில்: இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். 2011 ஜூலை 20 அன்று தெற்குச் சோமாலியாவின் இரு பகுதிகளில் பஞ்சம் என்று ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை ஏறத்தாழ 2,58,000 பேர் மாண்டதாகவும், அவர்களில் 1,33,000 பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்றும் பின்னர் கணக்கிட்டார்கள்.

மழை பொய்த்தது, தானிய விலை ஏறியது, அல்-ஷபாப் என்ற ஆயுதம் தாங்கிய இஸ்லாமியத் தீவிரவாத இயக்கம் உதவி நிறுவனங்களை விரட்டியது, அந்த இயக்கத்தின் கைக்கு ஏதேனும் போய்விடுமோ என்ற அச்சத்தில் அமெரிக்காவின் உதவியும் சுருங்கியது. உலக உணவுத் திட்டம் 2010 தொடக்கத்திலேயே தெற்கின் பெரும்பகுதியிலிருந்து வெளியேறியிருந்தது. இவை எல்லாம் சரியான காரணங்களே. ஆயினும் செத்தவர்கள் யார் என்று பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. ஜூபா, ஷபெல்லே ஆறுகளை ஒட்டியும் அவற்றுக்கு இடையிலும் பயிர் செய்து வாழ்ந்த ரஹன்வைன் குலத்தாரும் சோமாலிய பாண்டு மக்களுமே பெரும்பான்மையினர். 1992 பஞ்சத்திலும் ஆயுதக் குழுக்கள் இவர்களுடைய சோளக் குதிர்களைத்தான் கொள்ளையிட்டன. பைதோவா நகரம் அப்போது சாவின் நகரமாயிற்று.

மற்ற குலங்களில் ஒருவருக்கு நைரோபியில் கடை வைத்த மாமனோ மினியாபொலிஸில் வண்டி ஓட்டும் தம்பியோ இருந்தார்கள். ஆற்றோர உழவர்களில் வெளிநாடு போனவர்கள் குறைவு. பாண்டு மக்களோ அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் என்பதால் பெருங்குலங்களின் ஈட்டு உறவில் சமபங்கு பெற்றதே இல்லை. மாடு செத்தவன் மாடு செத்தவனிடமே கடன் கேட்க வேண்டியிருந்தது. இருப்பதைப் பகிர்ந்தார்கள், ஆடவர் எஞ்சிய கால்நடையோடு தங்க, பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கென்யாவின் ததாப் முகாமுக்கு நடந்தார்கள், வழியிலேயே பிள்ளையைப் புதைத்த தாய்மார்கள் பலர். இவர்களுக்குச் சமாளிக்கும் திறன் இல்லை என்று எழுதுவது அநியாயம் என்று நினைக்கிறேன். குலம் என்னும் குடையின் கீழ் நிற்பவர் நனையாமல் இருப்பதும், அதற்கு வெளியே நிற்பவரை யாரும் எண்ணாமல் விடுவதும் ஒரே ஏற்பாட்டின் இரு விளைவுகள்.

இதற்கு மாறான ஒரு காட்சியும் அதே மண்ணில் உண்டு. வடக்கே 1993-இல் போராமா நகரில் குல மூத்தோர் மாதக்கணக்கில் கூடிப் பேசி, தனி நாடாகத் தன்னை அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்து என்ற வடபகுதிக்கு ஓர் ஆட்சி அமைப்பை உண்டாக்கினார்கள். மூத்தோர் அவை ஆட்சியின் ஓர் அங்கமாகவே ஆயிற்று. அங்கேயும் மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் ஆண்களே. சிறு குலத்தாரின் குரல் மெலிந்தே ஒலித்தது.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்): இத்தகைய இடங்களுக்கு உதவ விரும்புகிறவர் பணமாகக் கொடுப்பதா, பொருளாகக் கொடுப்பதா?

பதில்: சந்தை இயங்கும் இடத்தில் பணமே மேல். 2011-இன் பிற்பகுதியில் உணவு லாரிகள் நுழைய முடியாத ஊர்களுக்கு உதவி நிறுவனங்கள் ஹவாலா முகவர்கள் வழியாகப் பணத்தைச் சேர்த்தன. சில நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த வணிகர்கள் அதைக் கேள்விப்பட்டுத் தாங்களே தானியம் கொண்டுவந்தார்கள். 2017 வறட்சியில் பணம் முன்கூட்டியே போனதும் பஞ்சம் தவிர்க்கப்பட்டதற்கு ஒரு காரணம். 2022-இல் பஞ்சம் என்ற அறிவிப்பு வராவிட்டாலும் சுமார் 43,000 பேர் இறந்திருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது.

ஆனால் பணமும் ஒரு பெயர்ப் பட்டியலின்படிதான் போகிறது. பட்டியலை ஊர்க் குழு எழுதுகிறது. ஊர்க் குழுவில் வலுத்த குலத்தார் அமர்கிறார்கள். ஊரைவிட்டு வந்தவர்கள் தங்கும் முகாம்களில் நிலத்துக்கு உரிமை கொண்டாடுகிறவர் வந்து தமது பங்கை வாங்கிச் செல்கிறார். ஆகவே நீங்கள் நன்கொடை தரும் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி, பட்டியல் எழுதும் குழுவில் பாண்டு குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.