வயல் மண்ணில் சின்னக் கொல்லுலை கட்ட முடியுமா?

மன்னார்குடி பக்கம் இருக்கிறேன், அரிவாள், களைக்கொத்து காய்ச்சித் தட்ட வீட்டிலேயே உலை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம்.

சிமெண்ட் அள்ளும் பழைய இரும்புச் சட்டி போதும். கவனமெல்லாம் மண் பூச்சில்தான் வேண்டும். நம் டெல்டா களிமண்ணைத் தனியாகப் பூசினால் காயும்போதே பாளம் பாளமாக வெடித்துவிடும். ஒரு பங்கு களிமண்ணுக்கு இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு உமிச் சாம்பல் சேர்த்துப் பிசையுங்கள். உமிச் சாம்பல் ரைஸ் மில்லில் கிடைக்கும். சூட்டை வெளியே விடாது. மூன்று விரல் கனத்துக்குப் பூசி, நடுவில் குழி விட்டு, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு பெருந்தீ மூட்டினால் உள்ளே நீராவி சேர்ந்து பூச்சு தெறிக்கும். முதலில் சிறு தீதான்.

காற்றுக்குப் பக்கவாட்டில் ஓர் அங்குல இரும்புக் குழாய் வையுங்கள். தயவுசெய்து ஜி.ஐ. குழாய் வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு சூட்டில் புகையும். அதைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் வரும். துருத்திக்குப் பதில் பழைய ஹேர் டிரையர் போதும். குழாய் நீளமாக இருந்தால் டிரையர் உருகாது.

சீமைக்கருவேலங் கரி நல்ல சூடு தரும். கரிப்புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டு, அதனால் திறந்த வெளியிலேயே மூட்டுங்கள்.

இரும்பு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்போது தட்டுங்கள். மங்கினால் மறுபடி உலைக்குள். புது அரிவாள் அடிக்க லாரி வில்பட்டை எடுங்கள், கட்டடக் கம்பி கூர் நிற்காது.