பெயர்ப்பலகையின் வயது

அன்புள்ள ஐயா,

விருதுநகரில் எங்கள் பழைய வீட்டுப் பரணில் பதினொரு புகைப்படங்கள் கிடைத்தன. தாத்தாவின் கமிஷன் மண்டி, கிட்டங்கி, எண்ணெய் ஆலை. ஆட்கள் குறைவு, எல்லாம் கட்டிடங்கள்தான். மண்டிப் பலகையில் ஊர்ப் பெயர் ‘விருதுபட்டி, ராமநாதபுரம் ஜில்லா’ என்றிருக்கிறது. ஆலைப் படத்தில், யானைத் துதிக்கை போல வளைந்த கொம்பு போட்ட பழைய ‘லை’. எல்லாம் 1900 வாக்கில் எடுத்தவை, அப்படியே எழுதிச் சட்டம் போடு என்கிறார் சித்தப்பா. எண்பத்தெட்டு வயது அத்தையோ அவ்வளவு பழசெல்லாம் இல்லை என்கிறார். யார் சொல்வது சரி? நகல்களை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், விருதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

அத்தை பக்கம் நில்லுங்கள். படத்துக்குச் சட்டம் போடுகிறவரிடம் இப்போது போகவேண்டாம்.

ராமநாதபுரம் ஜில்லா உருவானது 1910இல். அதற்கு முன் உங்கள் ஊர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. விருதுபட்டி விருதுநகர் ஆனது 1923இல். ஆக, அந்தப் பலகையை எழுதியது இந்தப் பதிமூன்று வருடங்களுக்குள். சித்தப்பாவின் 1900 இங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஆனால் இது பலகையின் வயது; படத்தின் வயது அல்ல. நன்றாக இருக்கிற பலகையைக் கழற்றிவிட்டுப் புதிதாக எழுதக் காசு செலவழிப்பவரா விருதுநகர் வியாபாரி?

நகல்களில் நான்காவதை, அந்த மண்டிப் பலகை தெரிகிற படத்தை, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். காலையில் கடை திறந்த நேரம் போலிருக்கிறது. கழற்றிய கதவுப் பலகைகள் சுவரில் சாய்ந்திருக்கின்றன. வரிசை மாறாமல் மாட்டுவதற்காக ஒவ்வொன்றிலும் எண். ஆறாவதைக் காணவில்லை. தேடினால், திண்ணையில் இரண்டு செங்கல் மேல் பெஞ்சாகக் கிடக்கிறது! அதன் மேல் ஒரு சிலேட்டு. வற்றல், துவரை, எள் என்று விலைகள், தலைப்பில் ‘ரூ.’, பக்கத்தில் ‘ந.பை.’

நயா பைசா புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரல் 1இல். 1964 ஜூனில் ‘நயா’ போய்விட்டது. பழக்கத்தில் மேலும் சில காலம் எழுதியிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அறுபதுகளைத் தாண்டி இழுக்க வேண்டியதில்லை. தலைக்கு மேல் விருதுபட்டி, காலடியில் நயா பைசா. இடையில் குறைந்தது முப்பத்து நான்கு வருடம்.

ஆலைப் படத்தின் ‘லை’ இந்த அளவுக்கு உதவாது. அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது 1978இல். அதன் பிறகும் பல கடைகளில் துதிக்கை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. புது ‘லை’யாக இருந்திருந்தாலும் 1978க்குப் பிந்தையது என்று அடித்துச் சொல்ல முடியாது. பெரியார் 1935இலேயே ‘குடி அரசு’ இதழில் அதைக் கொண்டுவந்துவிட்டார். மூன்றாவது சுயமரியாதை மாநாடு 1931இல் உங்கள் ஊரில்தான் நடந்தது. தாத்தா எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாதே.

நான்காவது படத்தில், கிட்டங்கி நிழலில், கையில் குத்தூசியோடு ஒருவர் நிற்கிறார். மூட்டையில் குத்தி மாதிரி பார்க்கிற ஊசி. படமெடுப்பவரைப் பார்க்காமல் சாக்கைப் பார்க்கிறார். அந்த நாளில் அத்தைக்கு இருபது, இருபத்தைந்து வயது இருக்கும். அவர் யார் என்று இந்த வாரமே கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலில் எழுதிவையுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், மறுபக்கம் தடம் விழும்.