கறுப்பாக இருந்தாலே கேன்சரா?

கேள்வி: என் தம்பிக்கு 36 வயது. ஒரு வருடமாக முதுகுவலி, அப்புறம் இடது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. தண்டுவடத்தில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். வெளியே வந்த சர்ஜன், “கட்டி மை மாதிரி கறுப்பா இருந்தது” என்றார். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. பயாப்சி ரிப்போர்ட்டில் ‘மெலனோசைட்டோமா அல்லது மெலனோடிக் ஷ்வானோமா’ என்று இருக்கிறது. ரேடியேஷன் வேண்டுமா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: நிறத்தை விடுங்கள் அம்மா. தோலுக்கு நிறம் தருகிற அதே செல்கள் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள சவ்விலும் இயல்பாகவே கொஞ்சம் உண்டு, அதில் கட்டி வந்தால் கறுப்பாகத்தான் இருக்கும். என்னை உறுத்துவது ரிப்போர்ட்டில் உள்ள அந்த ‘அல்லது’.

மெலனோசைட்டோமா மெதுவாக வளர்வது. மிச்சமில்லாமல் எடுத்துவிட்டால் பெரும்பாலும் எம்ஆர்ஐ எடுத்துக் கவனித்து வந்தாலே போதும், மிச்சம் இருந்தால்தான் ரேடியேஷன் பேச்சு வரும். மற்றது அப்படியில்லை. ஷ்வானோமா என்றதும் சாதுவான நரம்புக் கட்டி என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள், ஆனால் திரும்பத் திரும்ப வருவதும் நுரையீரல் வரை பரவுவதும் தெரிந்த பிறகு, உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில் பேரையே மாற்றி ‘மாலிக்னன்ட்’ (புற்றுத்தன்மை உள்ளது) என்று முன்னால் போட்டுவிட்டார்கள். இன்னும் பழைய பேரிலேயே எழுதும் லேப்கள் இருக்கின்றன.

இரண்டையும் பிரிப்பது லேசில்லை. செல்களை அடையாளம் காண லேபில் போடும் எஸ்-100, ஹெச்எம்பி-45 சாயங்கள் இரண்டு கட்டியிலுமே ஏறும். ரெட்டிகுலின் சாயம் கொஞ்சம் உதவும், ஜீன் டெஸ்ட் அதைவிட உதவும்: ஜிஎன்ஏக்யூ அல்லது ஜிஎன்ஏ11 என்ற ஜீன்களில் மாற்றம் இருந்தால் மெலனோசைட்டோமா பக்கம், பிஆர்கேஏஆர்1ஏ என்றால் மற்றதன் பக்கம். இந்த பிஆர்கேஏஆர்1ஏ ஜீனில் கோளாறு பிறவியிலேயே இருந்தால் ‘கார்னி காம்ப்ளெக்ஸ்’ என்ற பரம்பரை நோயாக இருக்கலாம். இதயத்துக்குள்ளேயே கட்டி வளரக்கூடிய நோய் அது. அதனால் தம்பிக்கு உதட்டில் சிறு கறும்புள்ளிகள் இருக்கிறதா பாருங்கள், எதற்கும் ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, வேறு எங்கோ இருக்கும் மெலனோமா (நிறச் செல்களில் வரும் புற்றுநோய்) தண்டுவடத்துக்குப் பரவியதா என்பதையும் பார்த்தே ஆக வேண்டும். தோல் டாக்டர் உள்ளங்கால், நகத்தடி வரை பார்க்க வேண்டும் (நம் நிறத்தவருக்கு அங்கேதான் அதிகம் ஒளிந்திருக்கும், சாக்ஸைக் கழற்றாமல் பார்த்தால் கணக்கில் சேராது). கண் டாக்டரிடமும் காட்டுங்கள், பெட் ஸ்கேனும் தேவைப்படும்.

முன்கூட்டியே எம்ஆர்ஐயில் ஏன் தெரியவில்லை என்று கோபப்படாதீர்கள். எம்ஆர்ஐயில் டி1, டி2 என்று இரண்டு வகைப் படம் உண்டு; மெலனின் என்கிற அந்தக் கறுப்பு நிறமி டி1 படத்தில் வெள்ளையாகவும் டி2-வில் கறுப்பாகவும் வரும், ரத்தக்கசிவும் சில சமயம் அச்சு அசல் அப்படியே தெரியும்.

இப்போதைக்கு லேபில் ரிப்போர்ட் காகிதத்தோடு ஸ்லைடையும், கட்டித் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள், அவை இல்லாமல் ஜீன் டெஸ்ட் செய்ய முடியாது. மூளைக் கட்டிகளையே பார்க்கும் பெத்தாலஜிஸ்ட் ஒருவரிடம் கொடுங்கள். கட்டி முழுதாக வந்ததா என்று சர்ஜனிடம் எழுதி வாங்குங்கள். பேர் முடிவாகாமல் ரேடியேஷனுக்குத் தேதி வாங்காதீர்கள்.